எட்வர்ட் கிப்பன்: ஒரு நடையின் வரலாறு

லண்டன் மாநகரின் பெண்டிங்க் தெருவில் இருந்த ஒரு வீட்டின் நூலறையில், 1773ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் ஒரு மனிதர் உலவிக்கொண்டிருந்தார். குள்ளமான உருவம், பருத்த உடல், உப்பிய கன்னங்கள், கையில் மூக்குப்பொடி டப்பி. எழுதுகோலை எளிதில் தொடமாட்டார். ஒரு பத்தி முழுவதையும் மனத்துக்குள்ளேயே வார்த்து, செவிக்கு ஒலித்துப் பார்த்து, இடறிய இடத்தைச் செப்பம் செய்து, நினைவில் ஏற்றிக்கொண்ட பிறகே நாற்காலியில் அமர்வார். புலவன் ஒருவன் பா இயற்றும் முறை இது. எட்வர்ட் கிப்பனோ இம்முறையில் எழுதியது வரலாறு, அதுவும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் அந்தோனைன் பேரரசர்கள் காலம் முதல் 1453இல் கான்ஸ்டாண்டினோபிள் துருக்கியர் கையில் வீழ்ந்தது வரையிலான பதின்மூன்று நூற்றாண்டுகளின் வரலாறு. ஆறு தொகுதிகள், 71 இயல்கள், ஏறத்தாழ 8,000 அடிக்குறிப்புகள்.

ரோமப் பேரரசின் நலிவும் வீழ்ச்சியும் என்னும் அப்பெருநூல் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் படிக்கப்படுகிறது. அதில் கூறப்பட்ட செய்திகள் பல திருத்தப்பட்டுவிட்டன. முடிவுகள் பல மறுக்கப்பட்டுவிட்டன. இருந்தும் நூல் நிற்கிறது. நிற்கச் செய்வது நடை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அந்த நடையே ஒரு பேரரசின் கதையை இன்ன வடிவில்தான் காணவேண்டும் என்று பின்வந்தோரின் கண்களைப் பழக்கியும்விட்டது. ஆற்றலும் ஆபத்தும் ஓரிடத்தில் குடியிருந்த அந்த நடை எவ்வாறு உருவாயிற்று என்பதே கிப்பனின் வாழ்க்கைக் கதை.

1737ஆம் ஆண்டு, புதிய பஞ்சாங்கக் கணக்கில் மே 8ஆம் நாள், லண்டனை அடுத்த பட்னியில் அவர் பிறந்தார். அவருக்குப் பின் பிறந்த ஐந்து தம்பியரும் ஒரு தங்கையும் குழந்தைப் பருவத்திலேயே மாண்டனர். அவர் உடலும் நோயின் உறைவிடமாகவே இருந்தது. பாட்டனார் தென்கடல் வணிகக் குழுமத்தின் இயக்குநர்களுள் ஒருவர். 1720இல் அக்குழுமம் சரிந்தபோது, ஒரு லட்சத்து ஆறாயிரம் பவுனுக்கு மேற்பட்ட அவருடைய செல்வத்தில் பத்தாயிரம் பவுனை மட்டும் விட்டுவைத்து மற்றதை நாடாளுமன்றம் பறிமுதல் செய்தது. முதியவர் அயரவில்லை, மீண்டும் பொருள் சேர்த்தார். சரிவு என்பது என்ன என்பதைப் பேரன் ஏடுகளில் கற்பதற்கு முன்பே வீட்டுக் கதைகளில் கேட்டிருந்தார்.

பத்து வயதளவில் தாயை இழந்த சிறுவனை வளர்த்தவர் தாயின் தமக்கையான கேதரின் போர்ட்டன். படுக்கையில் கிடந்த பிள்ளைக்குப் புத்தகங்களைப் பழக்கியவர் இந்தப் பெரியம்மாவே. தமக்குக் கிடைத்த அறிவின் முதல் ஊற்றென்று கிப்பன் பின்னாளில் நன்றியோடு சுட்டியது எந்தப் பேராசிரியரையும் அன்று. மணமாகாது வாழ்ந்து, பள்ளி மாணவர்க்கு விடுதி நடத்திப் பிழைத்த இந்த அம்மையாரையே.

பேராசிரியர்களைப் பற்றி அவர் சொன்னது வேறு. பதினைந்து வயது நிரம்பு முன்பே, 1752இல், ஆக்ஸ்போர்டின் மாடலின் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். அங்குக் கழிந்த பதினான்கு மாதங்களைத் தம் வாழ்நாளிலேயே மிகவும் வீணான காலமாக அவர் எண்ணினார். கற்பிப்போர் கற்பிக்கவில்லை, கேட்போரும் இல்லை. தனித்து விடப்பட்ட இளைஞன் சமய வாத நூல்களுள் புகுந்தான். பிரெஞ்சு ஆயர் பொசுவேயின் எழுத்தில் மனம் பறிகொடுத்தான். 1753 ஜூன் மாதத்தில் கத்தோலிக்கனாக மாறினான். அக்கால இங்கிலாந்தில் கத்தோலிக்கர்க்கு ஆக்ஸ்போர்டின் கதவும் அடைக்கப்பட்டிருந்தது, நாடாளுமன்றத்தின் கதவும் அடைக்கப்பட்டிருந்தது. பதினாறு வயதுப் பையன் வாக்கியங்களின் வலிமையால் தன் எதிர்காலத்தையே இழக்கத் துணிந்தான் என்பது கவனிக்கத்தக்கது. எழுத்து ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதைக் கிப்பன் தம்மீதே சோதித்து அறிந்தவர்.

சினங்கொண்ட தந்தை மகனைச் சுவிட்சர்லாந்தின் லோசான் நகருக்கு அனுப்பினார். அங்குப் பவியார் என்னும் கால்வினிய போதகரின் இல்லத்தில் தங்க வைக்கப்பட்டார். 1754 கிறிஸ்துமஸ் நாளன்று புராட்டஸ்டண்ட் சபைக்குத் திரும்பினார். ஆனால் எந்த நம்பிக்கையிலும் முழுதாகக் குடியேறும் மனம் அதன்பின் அவருக்கு வாய்க்கவில்லை.

லோசானில் கழிந்த ஐந்து ஆண்டுகளே அவர் பயின்ற பல்கலைக்கழகம். அங்கு அவர் கையாண்ட ஒரு பயிற்சி எழுதுவோர் அனைவரும் அறியத்தக்கது. சிசரோவின் இலத்தீன் பகுதி ஒன்றைப் பிரெஞ்சில் பெயர்ப்பார். மூலத்தின் சொற்கள் நினைவிலிருந்து மறையும்வரை அப்பெயர்ப்பை ஒதுக்கி வைப்பார். பின்னர் அதே பிரெஞ்சுப் பகுதியை மீண்டும் இலத்தீனாக்கி, தம் வாக்கியத்தையும் சிசரோவின் வாக்கியத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுவார். பிரெஞ்சு ஆசிரியர் ஒருவரைக் கொண்டும் இவ்வாறே செய்தார். முதலில் தம் வாக்கியத்தைக் கண்டு வெட்கினார்; நாளடைவில் வெட்கம் குறைந்தது. பிற்காலத்தில் அவருடைய ஆங்கிலத்தில் இலத்தீனத்தின் கட்டுக்கோப்பும் பிரெஞ்சின் கூர்மையும் ஒருங்கே அமைந்ததற்கு இந்த இருவழிப் பெயர்ப்பு ஒரு காரணம். பாஸ்கலின் மாகாணக் கடிதங்களை அவர் ஆண்டுதோறும் புதிதாகப் படித்து வந்தார். நிதானமான குரலில், புனிதமான பொருள்களின் மீதும், மெல்லிய எள்ளலைச் செலுத்தும் கலையை அங்கே கற்றார். பாஸ்கலோ தீவிர பக்தர். அவரிடம் கற்ற கருவி எங்கே போய்ப் பாய்ந்தது என்பது பின்னர் தெரியவரும்.

லோசானில் வேறொன்றும் நேர்ந்தது. கிராசியே என்ற ஊரின் போதகர் மகள் சூசன் கூர்ஷோ அழகும் கல்வியும் நிறைந்தவள். 1757இல் அவளைக் கண்டார், காதலித்தார், மணம் பேசவும் முற்பட்டார். 1758இல் இங்கிலாந்து திரும்பியபோது தந்தை அறவே மறுத்தார். வருவாய்க்குத் தந்தையையே நம்பியிருந்த மகன் பணிந்தார். காதலனாய்ப் பெருமூச்செறிந்து மகனாய்ப் பணிந்ததாகப் பின்னாளில் அவர் அந்த நிகழ்ச்சியை ஒரு சமநிலை வாக்கியத்துக்குள் அடக்கினார். அவர் நடையை வெறுப்பவர் அனைவரும் எடுத்துக்காட்டும் இடம் இது. இரண்டு தட்டும் அசையாமல் நிற்கும் தராசு அந்த வாக்கியம். ஆனால் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பெண்ணின் துயரம் எந்தத் தட்டிலும் வைக்கப்படவில்லை. சூசன் 1764இல் நெக்கரை மணந்தாள். அவர் பிரான்சின் நிதி அமைச்சரானார். அவர்கள் மகளே புகழ்பெற்ற எழுத்தாளர் மதாம் த ஸ்தால். கிப்பன் மணமின்றி வாழ்ந்தார். முதுமையை நெருங்கும் காலத்தில் சூசனும் அவரும் நல்ல நண்பர்களாயினர் என்பது ஓர் ஆறுதல்.

1761இல் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. இலக்கியக் கல்வி பற்றிய அக்கட்டுரை நூல் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது, பாரிசில் பாராட்டப்பட்டது, இங்கிலாந்தில் கவனிப்பாரில்லை. அந்நாளில் பிரான்சோடு நடந்த போரின் காரணமாகத் திரட்டப்பட்ட ஹாம்ப்ஷயர் உள்நாட்டுக் காவற்படையில் தலைவராகி, 1760 முதல் 1762 முடிய கூடாரம் கூடாரமாக அலைந்தார். குடியும் கூச்சலும் நிறைந்த அந்த வாழ்வை அவர் விரும்பவில்லை. எனினும் படையணி எவ்வாறு நகரும், எவ்வாறு குழம்பும் என்பதை அங்கே கண்ணால் கண்டார். ரோமப் படைகளைப் பற்றி எழுதுகையில் அவ்வனுபவம் பயன்பட்டதை, வாசகர் நகைக்கக்கூடும் என்று தெரிந்தே, அவர் ஒப்புக்கொண்டார்.

1764 அக்டோபரில் ரோம் நகரை அடைந்தார். முதல் இரவு உறக்கமில்லை. பல நாள் மயக்கத்துக்குப் பிறகே நிதானமாக ஆராயும் மனநிலை வாய்த்தது. அக்டோபர் 15ஆம் நாள் மாலை, கேப்பிடல் குன்றில் இடிபாடுகளிடையே அமர்ந்திருக்கையில், பழைய ஜூப்பிட்டர் கோயில் இருந்த இடத்தில் வெறுங்கால் துறவியர் மாலை வழிபாடு பாடக் கேட்டு, அந்நகரின் வீழ்ச்சியை எழுதும் எண்ணம் தம் உள்ளத்தில் முதன்முதலாக எழுந்ததாக அவர் பதிவு செய்தார். உலக வரலாற்று இலக்கியத்தில் இத்துணைப் புகழ்பெற்ற மாலை வேறில்லை. அதைப் பற்றிச் சொல்லவேண்டியது இன்னும் உண்டு, அது பின்னர்.

எண்ணம் எழுந்ததேயன்றி எழுத்து எழவில்லை. அடுத்த சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தின் விடுதலை வரலாற்றைப் பிரெஞ்சில் எழுத முயன்றார். லோசான் நாள்களின் நண்பர் தேவெர்தூன் செருமானிய மூலங்களைப் பெயர்த்துதவினார். 1767இல், லண்டனில் வாழ்ந்த வெளிநாட்டார் இலக்கியக் குழு ஒன்றில் அதன் முதற் பகுதி ஆசிரியர் பெயர் கூறாமல் படிக்கப்பட்டது. கூட்டத்தில் கிப்பனும் அமர்ந்திருந்தார். எழுதியவர் எதிரில் இருப்பதை அறியாத அவையினர் மனத்தில் பட்டதை மறைக்காமல் சொன்னார்கள், தீர்ப்பு பாதகமாயிற்று. இலக்கிய வட்டக் கூட்டங்களில் இத்தகைய கணத்தைக் கடந்து வராத எழுத்தாளர் குறைவு. கிப்பன் வலித்தார், பிறகு அவை சொன்னது சரியென்று ஏற்று அம்முயற்சியைக் கைவிட்டார்.

அதே ஆண்டு டேவிட் ஹியூமுக்கு அந்தக் கையெழுத்துப் படியை அனுப்பியிருந்தார். தத்துவ அறிஞரும் இங்கிலாந்து வரலாற்றின் ஆசிரியருமான ஹியூம் அளித்த மறுமொழியில் ஒரு வினா இருந்தது: ஏன் பிரெஞ்சில் எழுதவேண்டும்? கிரேக்க மொழியில் எழுதிய ரோமர்களை நினைவூட்டி, பிரெஞ்சின் இன்றைய பரவலைக் கண்டு மயங்கவேண்டா, அமெரிக்காவில் வேரூன்றி வளரும் ஆங்கிலத்துக்கே நீண்ட வாழ்வு உண்டு என்று அவர் அறிவுறுத்தினார். ஐரோப்பிய அறிவுலகமெங்கும் பிரெஞ்சு கோலோச்சிய காலம் அது. புகழை நாடும் ஓர் இளைஞன் ஆதிக்க மொழியை நாடியதில் வியப்பில்லை. வீட்டு மொழிக்குத் திரும்பு என்று ஒரு பெரியவர் கூறியதே வியப்பு. அம்மறுமொழி இல்லையேல் பெருநூல் எம்மொழியில் பிறந்திருக்கும் என்று எவராலும் உறுதியாகக் கூறவியலாது. கிப்பன் ஆங்கிலத்துக்குத் திரும்பினார். ஆனால் பிரெஞ்சில் சிந்தித்துப் பழகிய செவியோடு திரும்பினார்.

1770இல் தந்தை மறைந்தார். கடன் சுமந்த சொத்தை ஒருவாறு ஒழுங்குபடுத்தி, லண்டனில் வீடமைத்துக்கொண்டு, எழுதத் தொடங்கினார். தொடக்கம் எளிதாயில்லை. வறண்ட நிகழ்ச்சிப் பட்டியலுக்கும் வீங்கிய மேடைப் பேச்சுக்கும் இடைப்பட்ட தொனியைத் தேடி முதல் இயலை மூன்று முறை எழுதினார். இரண்டாவதையும் மூன்றாவதையும் இருமுறை எழுதினார். தொனி பிடிபட்ட பின் வேகம் வந்தது.

1776 பிப்ரவரி 17ஆம் நாள் முதல் தொகுதி வெளியாயிற்று. ஐந்நூறு படிகள் போதும் என்றிருந்த எண்ணிக்கையை அச்சாளர் ஸ்ட்ராகன் தம் துணிவில் ஆயிரமாக்கினார். சில நாள்களில் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. அடுத்த மாதம் அதே வெளியீட்டாளர் ஆதம் ஸ்மித்தின் நாடுகளின் செல்வத்தை வெளியிட்டனர். மரணப் படுக்கையை நெருங்கிக்கொண்டிருந்த ஹியூம் மார்ச் மாதத்தில் பாராட்டு மடல் எழுதினார். கடைசி இரு இயல்களால் கூக்குரல் எழும் என்றும் எச்சரித்தார். பத்தாண்டு உழைப்புக்கு அம்மடல் ஒன்றே கூலியாகப் போதும் என்று கிப்பன் கருதினார். ஆகஸ்டில் ஹியூம் மறைந்தார்.

கிப்பனின் கருத்தை ஒரு தொடரில் அடக்குதல் அவருக்கு இழைக்கும் அநீதி. கிறிஸ்தவம் ரோமை வீழ்த்தியது என்று அவர் சொன்னதாக நூலைப் படிக்காதோர் கூறுவர். அவர் கூறியது சிக்கலானது. அளவு மீறிய பெருமையின் பாரத்தாலேயே பேரரசு தாழ்ந்தது. ஏன் அழிந்தது என்பதைவிட, இத்தனை காலம் எங்ஙனம் நின்றது என்பதே வியப்புக்குரியது என்றார். படைவீரர் அரசர்களை ஆக்கியும் அழித்தும் விளையாடியதும், குடிமக்கள் தம் விடுதலையை வசதிக்கு விற்றதும், எல்லைப்புற இனங்கள் வலுப்பெற்றதும் காரணங்களாயின. புதிய சமயம் வீரப் பண்பைத் தளர்த்தியது என்று குற்றஞ்சாட்டிய அவரே, வென்று வந்த முரட்டு இனத்தாரின் கொடுமையைத் தணித்ததும் அச்சமயமே என்று வரவு வைத்தார். மாண்டெஸ்கியூவிடம் கற்ற காரண ஆராய்ச்சியும், டாசிடஸிடம் கற்ற மனித இயல்பு பற்றிய இருண்ட அறிவும், தில்லமோன் என்னும் பிரெஞ்சுத் துறவியறிஞர் அடுக்கித் தந்த நுட்பமான தரவுகளும் அவரிடம் ஒன்று சேர்ந்தன. அதற்கு முன்பு ஐரோப்பாவில் தரவு திரட்டுவோர் ஒரு சாரார், தத்துவம் பேசுவோர் மற்றொரு சாரார். இருவரும் ஒருவரையொருவர் இகழ்ந்தனர். இருவரையும் ஒரே பக்கத்தில் அமர்த்தியது கிப்பனின் சாதனை. மேலே ஓடும் உரையில் தத்துவம். கீழே அடிக்குறிப்பில் தரவு.

இந்தச் சிக்கலான நோக்குக்கு ஏற்ற வாக்கியம் வேண்டியிருந்தது. கிப்பனின் வாக்கியம் பெரும்பாலும் இரண்டிரண்டாக நடக்கும். ஒரு மன்னனின் நற்பண்பு முன்பாதியில் வரும். அதை அரித்த குறை பின்பாதியில் வரும். ஒரு செயலுக்குச் சொல்லப்பட்ட காரணமும், சொல்லப்படாத காரணமும், எதை வேண்டுமாயினும் கொள்க என்பதுபோல் அருகருகே வைக்கப்படும். வாசகன் இரண்டாவதையே கொள்வான். அவரவர் நோக்கம் கலப்படமானது, வரலாற்றில் தூய வெள்ளையும் தூய கருப்பும் இல்லை என்னும் கருத்து அவருடைய வாக்கிய அமைப்பிலேயே குடிகொண்டது. தமிழ் அணி நூலார் வஞ்சப்புகழ்ச்சி என்று வகுத்ததை அறிந்தவர்க்குக் கிப்பனின் உத்தி புதிதாகத் தோன்றாது. புதுமை, அதை ஒரு செய்யுளின் அளவில் அன்றி நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நீட்டி நிறுத்தியதில்தான்.

அந்த உத்தியின் உச்சம் 15ஆம், 16ஆம் இயல்கள். கிறிஸ்தவம் பரவியதற்கு முதற்காரணம் இறையருளும் கோட்பாட்டின் உண்மையுமே என்று பணிவோடு ஒப்புக்கொண்டு தொடங்குகிறார். அதனை இறையியலாளர்க்கு விட்டுவிட்டு, வரலாற்றாசிரியனுக்கு உரிய இரண்டாம் நிலைக் காரணங்கள் ஐந்தை ஆராய்கிறார்: விடாப்பிடியான ஆர்வம், மறுமை பற்றிய போதனை, அற்புதங்கள் செய்ததாகக் கூறிய கூற்று, ஒழுக்கம், திருச்சபையின் கட்டுப்பாடான அமைப்பு. ஐந்தையும் அவர் விளக்கி முடிக்கையில் முதற்காரணத்துக்கு வேலையே இல்லாமற்போகிறது. மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சிலுவை நிகழ்ச்சியின்போது உலகம் இருண்டது எனப்பட்ட செய்தியை, இயற்கையின் விந்தைகளையெல்லாம் தேடித் தொகுத்த செனகாவும் பிளினியும் குறிக்காமல் விட்டதைக் கண்டு வியப்பவர்போல நிறுத்திக்கொள்கிறார். பாஸ்கலிடம் கற்ற கருவி பாய்ந்த இடம் இதுவே.

கூக்குரல் எழுந்தது. மறுப்பு நூல்கள் வரிசையாக வந்தன. ஆயர் பதவியைப் பின்னாளில் அடைந்த வாட்சன் கண்ணியமாக மறுத்தார், பலர் வசைபாடினர். கிப்பன் மௌனமாயிருந்தார். ஆனால் ஆக்ஸ்போர்டு இளைஞரான டேவிஸ் என்பவர், கிப்பன் மேற்கோள்களைத் திரித்தார், பிறர் நூலிலிருந்து சான்றுகளைத் திருடினார் என்று எழுதியபோது மௌனம் கலைந்தது. 1779இல் தற்காப்பு நூல் ஒன்று வெளியிட்டார். நம்பிக்கையற்றவன் என்ற பழியை அவர் பொறுத்தார். நேர்மையற்ற வரலாற்றாசிரியன் என்ற பழியை மட்டும் பொறுக்கவில்லை. ஒவ்வொரு சான்றாக எடுத்துக் காட்டி எதிரியைச் சாய்த்தார். எள்ளல் நடையின் அடியில் எத்தகைய கல்வி பாறையாகக் கிடந்தது என்பது அன்று உலகுக்குத் தெரிந்தது. 1783இல் ரோமத் திருச்சபை நூலைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஷேக்ஸ்பியரைக் கத்தரித்த அதே பௌட்லர், கிப்பனிலும் சமயத்துக்கு ஒவ்வாதவற்றை நீக்கித் தயாரித்த பதிப்பு 1826இல் வந்தது. ஆயினும், ஆங்கிலத்தில் திருச்சபை வரலாற்றாசிரியர் என்று சொல்லத்தக்கவர் நம்பிக்கையற்ற கிப்பன் ஒருவரே என்று நியூமனே வருந்தி ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

அடிக்குறிப்புகளைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். முதற்பதிப்பில் அவை தொகுதியின் இறுதியில் இருந்தன. ஹியூம் குறைகூறியதன் பேரில் பக்கத்தின் அடிக்கு வந்தன. மேலே பேரரசர்கள் உலவ, கீழே கிப்பன் கைகட்டி நின்று பேசுகிறார்: ஆசிரியர்களை எடைபோடுகிறார், கிண்டல் செய்கிறார், விலைவாசி கணக்கிடுகிறார். நம் உரையாசிரியர்கள் பாட்டுக்குக் கீழே நடத்திய உலகத்தை இது நினைவூட்டும். தமிழ் வாசகர் நின்று படிக்கவேண்டிய குறிப்பு ஒன்றும் உண்டு. 408இல் ரோமை முற்றுகையிட்ட அலாரிக் கேட்ட மீட்புப் பொருளில் 5,000 பவுண்டு பொன், 30,000 பவுண்டு வெள்ளி, பட்டாடைகள் ஆகியவற்றோடு 3,000 பவுண்டு மிளகும் இருந்தது. அவ்விடத்தில் கிப்பன், ரோமச் சமையலில் மிளகுக்கிருந்த மதிப்பையும், உயர்ந்த வகை ஒரு பவுண்டு 15 தினாரிக்கு விற்றதையும், அது இந்தியாவிலிருந்து சென்றதையும், மலபார்க் கரை தம் காலத்திலும் மிளகுக்குப் பெயர்பெற்றதையும் குறிக்கிறார். செங்கடல் துறையிலிருந்து ஆண்டுதோறும் 120 கலங்கள் பருவக்காற்றைப் பற்றி மலபார், இலங்கைக் கரைகளுக்கு வந்ததை இரண்டாம் இயலிலேயே எழுதினார். முசிறியில் பொன்னோடு வந்து கறியோடு மீண்ட யவனர் மரக்கலத்தை அகநானூறு பாடியிருப்பது அவருக்குத் தெரிய வழியில்லை. ஒரே வணிகத்தின் இரு கரைகள் இரு மொழிகளில் ஒன்றையொன்று அறியாமல் பதிவாகிக் கிடந்தன.

இடையில் 1774 முதல் எட்டு ஆண்டுகளுக்கு மேல் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்தார். ஒரு முறையும் வாய் திறந்து பேசவில்லை. தாளில் ஒருவரையும் அஞ்சாதவர் அவையை அஞ்சினார். ஒரு பேரரசு தன் கண்ணெதிரே அமெரிக்கக் குடியேற்றங்களை இழந்துகொண்டிருக்க, பிரதமர் நார்த் பக்கம் வாக்களித்துவிட்டு, வீடு திரும்பி வேறொரு பேரரசின் வீழ்ச்சியை எழுதினார். வணிக ஆணையத்தில் கிடைத்த ஊதியப் பதவியும் 1782இல் ஆணையத்தோடு ஒழிந்தது. இதற்குள் 1781இல் அடுத்த இரு தொகுதிகள் வெளிவந்திருந்தன.

லண்டன் செலவு தாங்கவில்லை. 1783இல் அனைத்தையும் விட்டு, நூல்களோடு லோசானுக்குப் போய், தேவெர்தூனின் வீட்டில் அவரோடு குடியேறினார். இளமையில் தண்டனையாக அனுப்பப்பட்ட ஊர் முதுமைக்குப் புகலிடமாயிற்று. 1787 ஜூன் 27ஆம் நாள் இரவு, பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில், தோட்டத்து வேனில்மனையில் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியை எழுதினார். எழுதுகோலை வைத்துவிட்டு அக்கேசியா மரங்கள் கவிந்த பாதையில் உலவினார். வானம் தெளிந்திருந்தது, ஏரியில் நிலவு தெரிந்தது. முதலில் விடுதலையின் மகிழ்ச்சி. அடுத்து, நெடுநாள் துணையொன்றைப் பிரிந்த துயரம். கடைசி மூன்று தொகுதிகள் 1788 மே 8ஆம் நாள், அவருடைய 51ஆம் பிறந்தநாளன்று வெளியாயின.

அத்தொகுதிகளில்தான் நடை பொருளை வென்றுவிட்ட இடமும் உள்ளது. முதல் நான்கு தொகுதிகளில் ஐந்து நூற்றாண்டுகளை நின்று நிதானித்துச் சொன்னவர், எஞ்சிய எட்டு நூற்றாண்டுகளை இரண்டு தொகுதிகளில் அடக்கினார். 48ஆம் இயல் ஒன்றிலேயே அறுபது பேரரசர்களும் அறுநூறு ஆண்டுகளும் ஓடி மறைகின்றனர். கான்ஸ்டாண்டினோபிளின் ஆயிரமாண்டு வாழ்வு முழுவதும் ஒரே சோர்வான நலிவு என்று அவர் முன்பே தீர்மானித்துவிட்டார். நலிவு என்ற சொல் தலைப்பிலேயே இருந்தது. தலைப்புக்கு ஏற்ப ஒவ்வொரு வாக்கியமும் கீழ்நோக்கிச் சாய்ந்தது. ஓர் அரசு ஆயிரம் ஆண்டு நலிந்துகொண்டேயிருக்க இயலுமா என்று கேட்கும் துணிவு வாசகர்க்கு வராதபடி அந்த வாக்கியங்கள் ஒலித்தன. அம்மயக்கத்தைக் கலைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. கிப்பனின் நூலைக் குறிப்புகளோடு பதிப்பித்த பரியும், அவருக்குப் பின் ரன்சிமானும் பைசாந்தியத்தின் ஆட்சித் திறனையும் கலை வளத்தையும் மீட்டுக் காட்டினர். பீட்டர் பிரவுன் 1971இல் வெளியிட்ட நூலில், வீழ்ச்சி எனப்பட்ட அதே நூற்றாண்டுகள் புதியதோர் உலகின் பிறப்பாகக் காட்சியளித்தன. வீழ்ச்சியின் இடத்தில் மாற்றம் என்னும் சொல் வந்ததும் சான்றுகளே வேறு முகம் காட்டின.

எனினும் கிப்பன் தம் விருப்பு வெறுப்புகளுக்கு முழு அடிமையல்லர். சமயத் தலைவர்களை எள்ளியவர், அத்தனாசியுஸின் நெஞ்சுறுதியைக் கண்ட இடத்தில் எள்ளலை மறந்து தலைவணங்கினார். ரோமச் சட்டம் பற்றிய 44ஆம் இயல் செருமானியச் சட்ட அறிஞர் ஹ்யூகோவால் 1789இலேயே பெயர்க்கப்பட்டது. இளம் அதிகாரியாக 1896இல் பெங்களூர்ப் படைமுகாமில் கிடந்த சர்ச்சில், நண்பகல் வெயிலில் கிப்பனைப் படித்துத் தம் ஆங்கிலத்தை அமைத்துக்கொண்டார். ஒரு பேரரசின் வீழ்ச்சி நூலில் பயின்ற நடையால் மற்றொரு பேரரசைக் காக்கப் பேசினார் என்பது கிப்பனே எழுதியிருக்கவேண்டிய முரண்.

1789 ஜூலையில் தேவெர்தூன் இறந்தார். அதே மாதம் பாரிசில் பாஸ்டில் வீழ்ந்தது. தோட்டமும் ஏரியும் இருந்தன, பேசுவதற்கு ஆளில்லை. 1793இல் அவருடைய உயிர்நண்பர் ஷெபீல்டு பிரபுவின் மனைவி மறைந்த செய்தி வந்தது. நடக்கவே இயலாத உடலோடு, போர் மூண்டிருந்த நாடுகளின் ஓரமாகச் சுற்றி வளைத்துப் பயணம் செய்து, நண்பருக்கு ஆறுதல் கூற இங்கிலாந்து சேர்ந்தார். உணர்ச்சியை வாக்கியங்களில் அளந்து வைத்த மனிதர் அளக்காமல் செய்த செயல் இது. நெடுங்காலம் மறைத்து வைத்திருந்த விரைவீக்க நோய் முற்றியிருந்தது. அறுவைகள் பயன் தரவில்லை. 1794 ஜனவரி 16ஆம் நாள் லண்டனில் தம் 56ஆம் வயதில் காலமானார். சசெக்சில் பிளெட்சிங் ஊர்க் கோயிலில், ஷெபீல்டு குடும்பத்தார் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் விட்டுச் சென்ற தாள்களுள் தன்வரலாற்றின் ஆறு கரட்டுப் படிகள் இருந்தன. ஒன்றும் முழுமையாயில்லை. நண்பர் அவற்றை வெட்டியும் ஒட்டியும் ஒரே நூலாக்கி 1796இல் வெளியிட்டார். நூறாண்டு கழித்து, 1896இல், ஆறு படிகளும் தனித்தனியே அச்சேறின. அப்போது அறிஞர்கள் ரோம் நகரத்து மாலையைத் தேடினர். ஒரு படியில் துறவியர் பாட அவர் கோயிலுக்குள்ளேயே அமர்ந்திருக்கிறார். மற்றொன்றில் அந்தி இருளில் கேப்பிடல் குன்றின்மேல் அமர்ந்திருக்கிறார். பிறிதொன்றில் இடிபாடுகளிடையே அமர்ந்திருக்கிறார். ஜூப்பிட்டர் கோயில் என்று அவர் கருதிய இடம் உண்மையில் ஜூனோவின் கோயில் இருந்த இடம். அவருடைய அக்காலத்து நாட்குறிப்பில் அந்த மாலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இடிபாடுகள் உள்ள வாக்கியத்தையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. மூன்றனுள் ஒலியால் சிறந்தது அதுதான்.